வாரம் நாலு ரவிக்கை

இந்தத் தொழிலில் செலவு போக ஆண்டுக்குக் கையில் நிற்பது ஏறக்குறைய 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சில ஆண்டுகளாகவே அந்தத் தொகை அங்கேயேதான் நிற்கிறது. வேறு எந்தச் சின்னத் தொழிலின் கணக்கை இப்படிக் கொண்டுவந்து கொடுத்தாலும், எங்கே ஓட்டை, ஏன் வளரவில்லை என்றுதான் நான் குடைய ஆரம்பிப்பேன். சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கேள்வி வாயில் தானாக வந்துவிடும். இந்தத் தொழிலை நடத்துபவரிடமும் கேட்டேன். "வளரக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடுபடறேன்" என்றார்.

தொழில், சேலைக்கு ரவிக்கை தைப்பது. இடம், சிங்கப்பூரின் வடக்கே ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கில் நாலறை வீடு. ஆள் ஒருவர்தான், வயது ஐம்பத்தெட்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அக்கா என்கிறார்கள், சின்னப் பெண்கள் ஆன்ட்டி என்கிறார்கள். நான் அக்கா கட்சி. பெயரையும் பேட்டையையும் எழுதக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. கூச்சமெல்லாம் இல்லை. படித்துவிட்டு இன்னும் பத்துப் பேர் துணியோடு வந்து நிற்பார்களே என்ற பயம்.

காசுக்காக அல்லாமல் பிடித்திருக்கிறது என்பதற்காகத் தொழில் நடத்துவதைப் பற்றிப் பலரும் ஆசையாகப் பேசுகிறார்கள். பிடித்ததைத் தொழிலாக்கி, இரண்டே ஆண்டில் அதைக் கண்டாலே எரிச்சல் வரும் நிலைக்குப் போனவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். கேக் சுட்டவர் ஒருவர், மருதாணி போட்டவர் ஒருவர். அக்காவுக்கு மட்டும் அந்தப் பிடிப்பு ஏன் குறையவில்லை என்று பார்ப்பதற்காகவே அவருடைய ஆர்டர் நோட்டையும் ரசீதுகளையும் வாங்கி உட்கார்ந்தேன். வருபவர்களைச் சம்மதம் கேட்டு, இரண்டொரு தடவை அளவெடுக்கும்போதும் கூட இருந்தேன்.

தொடக்கம்

சரக்குக் கப்பல் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை. ஆட்குறைப்பில் வெளியே வந்தார். வீட்டுக் கடன் அதற்கு முன்பே முடிந்திருந்தது, மகன் வேலைக்குப் போய்விட்டான், கணவருக்கு இன்னும் சம்பளம் வருகிறது. தையலை இளம் வயதில் சமூக மன்ற வகுப்பில் கற்றுக்கொண்டிருக்கிறார். மகன் கல்யாணமாகிப் போனதும் காலியான அறையில் மிஷினைத் தூக்கி வைத்தார், அவ்வளவுதான் முதலீடு. ஓவர்லாக் மிஷின் பிறகு வந்தது.

முதல் ஆண்டில் எதைக் கொண்டுவந்தாலும் தைத்தார். சேலைக்கு ஃபால்ஸ், உள்பாவாடை, பள்ளிச் சீருடையில் கால்சட்டையைக் குட்டையாக்குவது, திரைச்சீலை, தலையணை உறை. வருமானம் மோசமில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் தலைவலியும் கூடவே வந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் 'எனக்குத் தையல் பிடிக்காமல் போய்விட்டது' என்ற முடிவுக்கு வருகிறார்கள். அக்கா கணக்குப் பிரிவில் இருந்தவர். அவர் செய்தது என்னவென்றால், ஆர்டர் நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே துணி வந்த நாளையும் அதைக் கையில் எடுத்த நாளையும் எழுதி வைத்தார். திரைச்சீலை வந்தால் பத்து நாள் மூலையில் கிடந்தது. ஃபால்ஸ் ஒரு வாரம். ரவிக்கைத் துணி வந்தால் அன்று ராத்திரியே மேசைக்கு வந்துவிடுகிறது. இரண்டு மாதம் போனதும் அந்த இரண்டு தேதிகளுக்கு இடையிலிருந்த இடைவெளியைப் பார்த்தே எதை நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டார்.

நான் பார்த்த தொழில் உத்திகளில் இவ்வளவு மலிவானதும் இவ்வளவு கச்சிதமானதும் வேறு இல்லை. தையல் பிடிக்கும் என்பது பொத்தாம்பொதுவான பேச்சு. தையலில் எந்தப் பகுதி பிடிக்கும் என்பதை அவர் தேதி போட்டுக் கண்டுபிடித்தார்.

ரயில் கைப்பிடி

சேலை ஐந்தரை மீட்டர். யார் கட்டினாலும் நிற்கும். ரவிக்கைக்கு வேண்டியது ஒரு மீட்டருக்கும் குறைவான துணி, ஆனால் அது ஒருத்திக்குத்தான் பொருந்தும். அக்காவுக்குப் பிடித்தது இந்த வித்தியாசம். ஓர் உடம்பைப் பார்த்து, அது எங்கே சாய்கிறது, எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடித்துத் துணியில் வழி பண்ணுவது. மீதி எல்லாம் அவருக்குக் கூலி வேலைதான், அதை அவரே சொல்கிறார்.

நான் உட்கார்ந்து பார்த்தபோது வந்தவர் ஒரு தாதி (நர்ஸ்). அவருடைய புகார், கையைத் தூக்கினால் ரவிக்கை மொத்தமாக மேலே ஏறிவிடுகிறது, விசேஷத்துக்கு ரயிலில் போகும்போது கைப்பிடியைப் பிடிக்கவே சங்கடமாக இருக்கிறது என்பது. இதற்கு முன்னால் தைத்தவர்கள் எல்லாரும் லூசாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆர்ம்ஹோலை, அதாவது கை வந்து சேரும் வளைவை, இன்னும் கீழே இறக்கி வெட்டியிருக்கிறார்கள். கேட்கும்போது அதுதான் சரி என்று தோன்றும். அக்கா செய்தது நேர் எதிர். வளைவை அக்குளுக்கு நெருக்கமாக மேலே ஏற்றினார். கை விலாவில் கீழே போய்ச் சேர்ந்திருந்தால், கையைத் தூக்கும்போது விலாத் தையலும் கூடவே போகும், அதோடு இடுப்புப் பட்டியும் ஏறும். சேரும் இடம் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால் கை மட்டும் தனியாக எழும். கையின் மேல் குமிழைச் சற்றுத் தாழ்த்தி அகலப்படுத்தினால் இன்னும் தாராளமாக எழும்.

டிரயலுக்கு வந்தபோது, "எம்ஆர்டியில கைப்பிடி பிடிக்கிற மாதிரி நில்லும்மா" என்றார். தாதி கையைத் தூக்கி நின்றார். அக்கா தரையில் உட்கார்ந்து இடுப்புப் பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டி ஒரு விரல்கடை கூட நகரவில்லை. அப்புறம் தாதி அந்தக் கையாலேயே எட்டி அலமாரியின் மேல்தட்டைத் தொட்டுப் பார்த்தார். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை எந்தப் பத்தியில் வரவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதோடு விடவில்லை. தாதிக்கு வலத் தோள் கொஞ்சம் இறக்கம். வழக்கமாகத் துணியை மடித்துப் போட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே வெட்டில் எடுத்துவிடுவார்கள். வேலை சீக்கிரம் முடியும். தோள் ஒரே மட்டமாக இல்லாதவர்களுக்கு அக்கா துணியைப் பிரித்துப் போட்டு, இடம் வலம் தனித்தனியாக வெட்டுகிறார். அரை மணி நேரம் கூடுதலாகப் போகிறது. அதற்குத் தனிக் கூலி ஏன் வாங்குவதில்லை என்று கேட்டேன். "அந்த அரை மணி நேரம் என்னோடது" என்றார்.

இந்த இன்பத்தை மையமாக வைத்துத்தான் தொழிலின் மற்ற எல்லாம் அடுக்கப்பட்டிருக்கிறது. கொக்கி கட்டுவதும் ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதும் அக்காவுக்குச் சலிப்பு. கீழ்மாடியில் இருக்கும் ஒரு மக்சிக் (வயதான மலாய்ப் பெண்மணி), மலாய் உடையான பாஜு குரோங்கின் கழுத்துக்குத் 'துலாங் பெலுட்' தையல் போட்டுப் பழகிய கைக்காரர். அவர் தம் வீட்டிலேயே உட்கார்ந்து, தொலைக்காட்சி நாடகம் பார்த்துக்கொண்டே கொக்கி கட்டிக் கொடுக்கிறார். ஒரு ரவிக்கைக்கு நாலு வெள்ளி. அக்கா போட்டதைவிட அவர் போடும் ஓரம் நேர்த்தியாகவே இருக்கிறது.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் பழுப்புத் தாளில் வெட்டிய மாதிரி ஒன்று, பெயர் எழுதிக் கம்பியில் தொங்குகிறது. இரண்டாவது தடவை வருபவருக்கு வேலை வேகமாக முடியும் என்று நினைத்தேன். முடியத்தான் செய்கிறது. ஆனால் அக்காவுக்குப் புதிய உடம்பு வந்தால்தான் உற்சாகம். அதனால் வாரம் நாலில் ஒன்றைப் புதியவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். வழக்கமாக வருபவர்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் சண்டைதான்.

கணக்கு

இப்போது பணம். லைனிங் வைத்த ரவிக்கைக்குச் சராசரியாக 50 வெள்ளி வாங்குகிறார். வாரம் நாலு, ஆண்டில் ஏறக்குறைய நாற்பத்தைந்து வாரம். ஆக 180 ரவிக்கை, வரவு 9,000 வெள்ளி. செலவு ஒன்றுக்குப் பத்து வெள்ளி என்று வருகிறது: லைனிங் துணி நாலு, மக்சிக்குக்கு நாலு, நூல், ஊசி, கொக்கி, மின்சாரம், மிஷின் சர்வீஸ் எல்லாம் சேர்த்து இரண்டு. லைனிங் வாங்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்டுகிறார், அதைத் திரும்பப் பெற வழியில்லை. மீதம் 7,200.

நேரத்தைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கிறது. லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பதைக் கணக்கில் விட்டுவிட்டாலும் (நனைக்காமல் விட்டால் முதல் துவைப்பில் சுருங்கி ரவிக்கை முழுக்கச் சுருக்கம் விழும், அதனால் அவர் விடுவதில்லை), அளவெடுத்து, வெட்டி, தைத்து, டிரயல் பார்த்துத் திருத்தி முடிக்க நாலு மணி நேரம். அப்படியானால் மணிக்குப் பத்து வெள்ளி. வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையில் மாதம் 1,600 வெள்ளியாகவும், பகுதி நேரத்துக்கு மணிக்கு 10.50 வெள்ளியாகவும் உயர்ந்தது. அந்தக் கணக்கில் அக்கா தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் கூலி அதற்கும் கீழே. வாட்ஸ்அப்பில் பதில் சொல்லும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் கீழே போகும், நான் சேர்க்கவில்லை.

அவருக்கு இது புதிய செய்தி இல்லை. தாமே போட்டு வைத்திருந்த கணக்கைக் காட்டினார், என்னுடையதோடு ஒத்துப்போனது. பிடித்த தொழில் செய்பவர்களில் பலர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் மனது விட்டுப்போகும் என்று பயப்படுகிறார்கள். அந்த எண்ணைப் பார்க்காமல் ஓட்டுவது, என் அனுபவத்தில், நாளைக்கு ஒரு நாள் வரப்போகும் கோபத்தைத் தள்ளிப்போடுவதுதான். அக்கா பார்த்துவிட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு தைக்கிறார். மணிக்கு இவ்வளவு குறைகிறது, அதுதான் என் பொழுதுபோக்கின் விலை என்கிறார்.

சட்டம் போட்ட கூரை

சிங்கப்பூரில் வீவக வீட்டில் இப்படித் தைப்பதற்குத் தனி அனுமதி தேவையில்லை. வீட்டில் செய்யும் சிறு தொழில்களுக்கான விதிகளில் தையல் அனுமதிக்கப்பட்ட வேலைதான். ஆனால் நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர்களே செய்ய வேண்டும், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது. வெளியே பலகை, விளம்பரம் கூடாது. கனரக இயந்திரம் கூடாது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு கூடாது. வீடு முதலில் வீடாக இருக்க வேண்டும்.

வளர நினைப்பவருக்கு இதெல்லாம் முட்டுக்கட்டை. ஆள் வைக்க வேண்டுமென்றால் கடை பார்க்க வேண்டும், கடை என்றால் வாடகை, வாடகை என்றால் வாரம் நாலு போதாது, நாற்பது வேண்டும். அக்காவுக்கோ இந்த விதிகள் பெரிய உபகாரம். "இன்னொரு பொண்ணை வச்சுக்கலாமே" என்று யார் சொன்னாலும், "கழகம் விடாதும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். தாம் மறுப்பதாகச் சொன்னால் வாதம் வளரும், விதி என்றால் யாரும் பேசுவதில்லை.

பெயர் விஷயமும் அப்படித்தான். அடையாள அட்டையில் உள்ள தம் முழுப்பெயரிலேயே ஒருவர் தனியாகத் தொழில் செய்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதியத் தேவையில்லை. மகன் ஆசையாகப் 'பொட்டிக்' என்று முடியும் ஒரு பெயரும் சின்னமும் வரைந்து கொண்டுவந்தான். பெயர் வைத்தால் பதிய வேண்டும், ஆண்டுதோறும் அல்லது சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று காரணம் சொல்லி அதைப் பெட்டியில் வைத்துவிட்டார். (சின்னம் நன்றாகத்தான் இருந்தது.)

வரி பக்கம் சிக்கல் இல்லை. நிகர வர்த்தக வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டுவதால் வருமானத்தைக் காட்டி, மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குச் சந்தா கட்டுகிறார். வரிக்குரிய வருமானத்தில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி இல்லை, வேறு வருமானமும் அவருக்கு இல்லை. பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டிய எல்லை ஆண்டுக்கு 10 லட்சம் வெள்ளி. வாரம் நாலு வீதம் தைத்தால் மொத்தமாக அந்தத் தொகையைப் பார்க்கவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஒரு தீபாவளிக்கு வளர்ந்து பார்த்தது

பெரிதாக்கியே பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், தீபாவளிக்கு ரெடிமேட் ரவிக்கை நாற்பது வேண்டும் என்று வந்தார். 36, 38, 40 என்று மூன்று அளவு. துணி, லைனிங், கொக்கி எல்லாம் கடையுடையது. கூலி ஒன்றுக்கு 22 வெள்ளி. மாதிரியைத் தாளில் வெட்டிவிட்டால் அடுக்கிப் போட்டு வெட்டலாம், டிரயல் கிடையாது, திருத்தம் கிடையாது. ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்தான் ஆனது.

கணக்கைப் பாருங்கள். மணிக்குப் பன்னிரண்டு வெள்ளிக்கு மேல். தம் சொந்த வாடிக்கையாளருக்குத் தைப்பதைவிட இதில் கூலி அதிகம். கடைக்காரர் கடைசிப் பாதிப் பணத்தைத் தீபாவளி முடிந்து வெகு நாள் கழித்துத்தான் கொடுத்தார் என்பது வேறு கதை. அது இல்லாவிட்டாலும் அக்கா அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல ஆளே இல்லையே" என்றார். முப்பத்தெட்டு என்பது ஓர் எண். அதற்குத் தோள் இறங்காது, அது ரயிலில் கைப்பிடி பிடிக்காது.

வழக்கமான ஆய்வுகளில் இந்த அத்தியாயத்தைத் 'தோல்வியுற்ற விரிவாக்கம்' என்று எழுதியிருப்பார்கள். பண விஷயத்தில் அது தோல்வியே இல்லை, வெற்றி. அதனால்தான் இதை முக்கியமாக நினைக்கிறேன். நஷ்டம் வந்து திரும்பியவர்கள் ஏராளம். கூடுதலாக வந்த காசைப் பார்த்துவிட்டும் வேண்டாம் என்று திரும்ப, தமக்கு இன்பம் எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டு தேதிப் பழக்கம் இங்கே கைகொடுத்திருக்கிறது.

இல்லை என்று சொல்லும் விதம்

வாரம் நாலு என்ற எண்ணைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலில் உண்மையான உழைப்பு. தைப்பது அதைவிடச் சுலபம் என்று அக்கா சொல்வதை நான் நம்புகிறேன். புரட்டாசி பிறந்துவிட்டால் தீபாவளிக்குத் துணி வாங்குவதில்லை. ஆடியிலேயே வரிசை நிரம்பிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி வைத்திருக்கிறார், எல்லாருக்கும் அதையே அனுப்புகிறார்: அடுத்த காலி இடம் இன்ன வாரம், வேண்டுமா, வேண்டாமா. மன்னிப்புக் கேட்பதில்லை, காரணம் சொல்வதில்லை. ஆரம்பத்தில் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு தீர்வோடு வந்தார்களாம்.

போனவர்கள் உண்டு. பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போனால் கூலி மலிவு, ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தைத்துக்கொண்டு வருபவர்களும் நிறைய. தேக்கா சென்டரின் மாடியிலும் தையல்காரர்கள் இருக்கிறார்கள். திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் திருத்தத்துக்காகத்தான் வருகிறார்கள். பாலம் தாண்டிப் போய்த் தைத்தது இறுக்கமாக இருக்கிறது என்றால் மறுபடி பாலம் தாண்ட வேண்டுமே. அக்கா பக்கவாட்டில் உள்ளே துணி விட்டு, மூன்று வரிசைத் தையல் போட்டு வைக்கிறார். உடம்பு ஏறினால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம், அவரிடம் வரவே தேவையில்லை.

சொந்தக்காரர்கள் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. நம்மவர்களில் வீட்டில் தைப்பவர், சமைத்துக் கொடுப்பவர், பூக்கட்டுபவர் எல்லாருக்கும் வரும் தொல்லை இது. நாத்தனார் மகள் கல்யாணம், ஆறு ரவிக்கை, "நம்ம வீட்டுக் கல்யாணம்தானே." முதல் தடவை சும்மா தைத்துக் கொடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் ஒன்றரை வாரம் காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு முறை கண்டுபிடித்தார்: சொந்தமானாலும் முழுக் கூலி, வரிசையிலும் அவர்கள் முறை வந்தால்தான். ஆனால் கல்யாணத்துக்குப் போகும்போது, தாம் வாங்கிய கூலிக்குக் குறையாமல் மொய் வைத்துவிடுகிறார். பணம் சுற்றி அங்கேயே போய்ச் சேர்கிறது, ஆனால் தொழில் தொழிலாக நிற்கிறது. முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது சத்தம் போடுவதில்லை. மொய்ப் பணம் கணிசமாக வருவதுதான் காரணம் என்று அக்கா சிரிக்கிறார்.

எங்கேயும் இருக்கிற ஆள்தான்

அக்காவை அபூர்வப் பிறவி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் எரிக் ஹர்ஸ்ட், பெஞ்சமின் பக்ஸ்லி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறு தொழில் தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிதாக வளரும் எண்ணமே இல்லை என்று காட்டினார்கள். புதிதாகத் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் சொன்ன காரணம் பணம் சாராதது: தமக்குத் தாமே முதலாளியாக இருப்பது, நேரத்தைத் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வது போன்றவை. அதற்கு முன்பே, 2000இல், பார்ட்டன் ஹாமில்டன் என்பவர் அந்த நாட்டுத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பத்து ஆண்டு சொந்தத் தொழில் செய்தவர்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர், சம்பளத்துக்குப் போயிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட 35 விழுக்காடு குறைவாகச் சம்பாதிக்கிறார். ஆனாலும் விடுவதில்லை.

அந்த எண்கள் அமெரிக்காவுடையவை, இங்கே அப்படியே பொருத்த முடியாது. எனக்கு அவற்றில் பயன்பட்டது ஒன்றுதான். சிறு தொழிலுக்கு உதவி என்று நாம் கொடுக்கும் ஆலோசனை எல்லாம், எல்லாருக்கும் வளர ஆசை என்ற நினைப்பில் கொடுக்கப்படுகிறது. அந்த ஆசை இல்லாதவரிடம் போய் இன்ஸ்டகிராமில் போடுங்கள், பெயர் வையுங்கள், ஆள் சேருங்கள் என்று சொன்னால் அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொள்வார். அப்புறம் நம்மைக் கூப்பிடமாட்டார்.

யார் தாங்குகிறார்கள்

இதையும் எழுதாமல் விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். இந்தத் தொழில் நிற்பது மூன்று கால்களில்: கடன் முடிந்த வீடு, கணவரின் சம்பளம், அக்காவின் பழைய வேலையில் சேர்ந்த மத்திய சேம நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு). மாதம் 600 வெள்ளியில் சிங்கப்பூரில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. வாடகைக்கு இருப்பவரோ, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவரோ இந்த எண்ணிக்கையைப் பின்பற்றினால் அது விஷப்பரீட்சை. அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தால், தேக்காக் கடைக்காரரின் நாற்பது ரவிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், பணத்தைப் பாதி முன்கூட்டியே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

அக்காவின் கணவரிடமும் பேசினேன். அவருக்கு இந்தத் தொழிலில் ஒரே வருத்தம், சாப்பாட்டு மேசை வாரத்தில் இரண்டு நாள் வெட்டும் மேசையாகிவிடுவது. மற்றபடி, "வேலையில இருந்தப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலமே முகம் மாறிடும், இப்ப அது இல்ல" என்றார். இதையும் எந்தப் பத்தியிலும் போட முடியவில்லை.

பலவீனங்கள் இருக்கின்றன. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போடும்போது கண் உதவுவதில்லை, பகல் வெளிச்சத்துக்குத் தள்ளிவைக்கிறார். மக்சிக்குக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் முடியாது என்றால் சலிப்பான வேலை முழுவதும் மீண்டும் அக்காவின் தலையில் விழும். ஒரு மாதம் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டால் வரிசை எப்படிப் போகும் என்பதற்கு இதுவரை ஏற்பாடு இல்லை. பணமும் வீட்டுச் செலவுக் கணக்கிலேயே பேநவ் (கைபேசிவழிப் பணப் பரிமாற்றம்) வழியாக வந்து கலந்துவிடுகிறது.

நான் கொடுத்த யோசனைகள்

மூன்று சொன்னேன். தொழிலுக்கு வங்கியில் தனிக் கணக்கு. ஒவ்வொரு ரவிக்கையிலிருந்தும் மூன்று வெள்ளியை மிஷினுக்கும் கண்ணாடிக்கும் நோய்நொடிக்கும் ஒதுக்குவது. கூலியை 60 வெள்ளியாக்குவது. கூட்டம் எப்படியும் இரண்டு மாத வரிசையில் நிற்கிறது, விலையைக் கூட்டினால் யாரும் ஓடிவிடப் போவதில்லை, அப்படியே சிலர் போனாலும் 'இல்லை' சொல்லும் வேலை மிச்சம் என்பது என் வாதம். செலவு அதே பத்து வெள்ளி என்றால் மணிக்குப் பன்னிரண்டரை வெள்ளியாகும்.

முதல் இரண்டையும் அன்றே ஒப்புக்கொண்டார். தனிக் கணக்கு திறந்தாகிவிட்டது. மூன்றாவதில்தான் இழுபறி. 60 ஆக்கினால் வருகிறவர்கள் மாறிவிடுவார்கள் என்கிறார். கல்யாணத்துக்கும் மேடைக்கும் தைப்பவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், அவர்களுக்கு வேலைப்பாடு வேண்டும், கல், மணி, பின்கழுத்தில் கயிறு வேண்டும். அதில் அக்காவுக்கு ஆர்வம் இல்லை. தாதி போன்றவர்கள், கோயிலுக்கும் வேலைக்கும் கட்டுகிறவர்கள், பத்து வெள்ளி ஏறினால் யோசிப்பார்கள். எந்த உடம்பு தம் மேசைக்கு வருகிறது என்பதை விலைதான் தீர்மானிக்கிறது என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பத்து வெள்ளிக்காகத் தாதி பாலம் தாண்டிப் போவார் என்று எனக்குத் தோன்றவில்லை, கை தூக்கினால் ஏறாத ரவிக்கை அவருக்கு அங்கே கிடைக்கவில்லை.

இப்போதைக்கு ஜனவரியிலிருந்து 55. மூன்று ஆண்டுக்கு மேலாக வருபவர்களுக்குப் பழைய விலை. தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் நோட்டை எடுத்து, புதிதாக வந்தவர்கள் எப்படிப்பட்ட ரவிக்கை கேட்டார்கள் என்று இரண்டு பேரும் எண்ணிப் பார்ப்பதாக ஏற்பாடு.